வெள்ளைக் கார்களை எண்ணிய நாள்

இன்றைக்குக் கையில் பரிசோதகர் பட்டை கட்டிக்கொண்டு முதல்முறையாகப் பந்தயக் கார்களின் பரிசோதனைக் கொட்டகைக்குள் நுழையப் போகிறீர்கள். "அண்ணே, பிள்ளைங்களுக்கு ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்று மோட்டார் கிளப் தலைவர் என்னைப் பிடித்து இங்கே நிறுத்திவிட்டார். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் இல்லை. கெட்ட கார்களைப் பற்றி வேண்டுமானால் பொழுது சாயும்வரை பேசுவேன்.

பகலில் எனக்கு இன்சூரன்ஸ் வேலை. மோதி நசுங்கிய கார்களைப் போய்ப் பார்த்து, சொந்தக்காரர் சொல்லும் கதையும் காரின் நசுங்கலும் பொருந்துகிறதா என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் பொருந்தாது. 'மாடு குறுக்கே வந்துச்சு' என்பார்கள்; பம்பரில் தெருவோர லாம்புக் கம்பத்தின் பெயின்ட் ஒட்டியிருக்கும். இப்படிப் பொய்யோடு பழகிய ஆள் என்பதால்தான் கிளப்பில் என்னைப் பரிசோதகராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

நம் வேலையின் அடிப்படை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கிற காரை அப்படியே ஓட்டும் பிரிவு என்று பந்தயத்தில் ஒன்று உண்டு. அதில் ஒரு மாடல் ஓட வேண்டுமென்றால் முதலில் அதற்கு ஒப்புதல் வேண்டும். கம்பெனி அந்த மாடலை விதி சொல்லும் எண்ணிக்கையில் உண்மையாகவே செய்து முடித்திருக்க வேண்டும், யார் போய்க் கேட்டாலும் விற்க வேண்டும். இல்லாவிட்டால், 'இது ஊரார் வாங்கும் கார்தான்' என்று சொல்லிக்கொண்டு, பந்தயத்துக்கென்றே நாலைந்து ராட்சசக் கார்களைச் செய்து இறக்கிவிடுவார்கள். அதனால் யாராவது போய்க் கார்களைக் கண்ணால் பார்த்து எண்ணி வர வேண்டும். எண்ணி முடித்த பிறகு அந்தக் காரின் ஒவ்வொரு உறுப்பும் படத்தோடு ஒப்புதல் தாளில் ஏறும். அதன்பின் பந்தயத்தில் யார் காரில் சந்தேகம் வந்தாலும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எண்ணுவது சுலபமான வேலை என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். வெளிநாட்டிலிருந்து வரும் பாகங்களை இங்கேயே பூட்டிக் கார்களாகச் சேர்த்து விற்கும் கம்பெனி ஒன்று, தன் சாதாரணக் குடும்பக் காருக்கு வேகமான எஞ்சின் வைத்து, பக்கவாட்டில் கறுப்புக் கோடு போட்டு, 'ஸ்போர்ட்' என்று பெயர் சூட்டியது. பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களின் செம்மண் பாதைகளில் நடக்கவிருந்த ராலி பந்தயத்துக்கு முன்னால் அதற்கு ஒப்புதல் வாங்கிவிட வேண்டும் என்று துடித்தது. எண்ணிவர எங்கள் கிளப்பிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒருவர் நான். இன்னொருவர் புவனம் டீச்சர்.

டீச்சர் ஈப்போவில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கிளப்பில் நேரக் கணக்கு முழுவதும் அவர் கையில்தான். கஞ்சி போட்ட சேலை கசங்காமல் செம்மண் புழுதியில் நாள் முழுக்க நிற்பார். பரீட்சையில் பார்த்து எழுதும் பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்து, யார் எதைச் சொன்னாலும் முதல் தடவையில் நம்பாத ஒரு சுபாவம் அவருக்கு வந்துவிட்டிருந்தது.

கம்பெனியின் மேனேஜர் தேவராஜ் எங்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியின் மகன். தேன் ஒழுகப் பேசுவார். "இடப் பிரச்சினை டீச்சர். பாதிக் கார் கமுந்திங் யார்டுல இருக்கு. மீதிப் பாதியைத் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒரு பழைய தோட்டத்துல நிறுத்தியிருக்கோம். காலையில அது, சாப்பாட்டுக்கு அப்புறம் இது. சரியா?"

"தஞ்சோங் ரம்புத்தானோ?" என்றார் டீச்சர். "அங்க போனா எங்களைத் திரும்பி வர விடுவினமோ?"

அங்கே இருக்கும் பெரிய மனநல மருத்துவமனையை வைத்து ஈப்போக்காரர்கள் எல்லாரும் சொல்லும் வேடிக்கைதான். தேவராஜ் மட்டும் தேவைக்கு மேல் சிரித்தார். அப்போதே நான் கவனித்திருக்கலாம்.

கமுந்திங் தொழிற்பேட்டையில் கார்கள் வரிசையாக நின்றன. எல்லாம் வெள்ளை. எண்ணினோம், விதி கேட்ட எண்ணிக்கையில் பாதி சரியாக இருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் திருகியிருந்த எண் தகடுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். வெயில் மண்டையைப் பிளந்தது. டீச்சர் நடுவில் நடுவில் ஒரு காரில் ஏறி உட்கார்ந்து, சன்வைசரை இறக்கி, அதன் பின்னால் இருக்கும் கண்ணாடியில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒருமுறை அல்ல, நாலைந்து காரில். எனக்கு எரிச்சலாக வந்தது.

"டீச்சர், வேலையை முடிச்சிட்டு அலங்காரம் பண்ணலாம்லா."

"வேர்வைக்குப் பொட்டு நிக்குதில்லை, மிஸ்டர்" என்றார் அவர், என்னைத் திரும்பியும் பார்க்காமல்.

மதியச் சாப்பாட்டுக்குக் கோலகங்சார் போனோம். தேவராஜ் ஒரு கடையில் பின்பக்க அறையைப் பதிவு செய்து வைத்திருந்தார். டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்து, "இங்க காத்தில்லை" என்று சொல்லிவிட்டு, ரோட்டைப் பார்த்த மேசையில் போய் உட்கார்ந்தார். தேவராஜ் முகம் சுருங்கியது. ஆனால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆற்று மீன் வந்தது, நண்டு வந்தது, கோழி வந்தது, நாங்கள் கேட்காத இன்னும் என்னவெல்லாமோ வந்தன. ஒவ்வொரு தட்டும் ஆடி அசைந்து வந்தது. தேவராஜ் அவசரமே படவில்லை.

நண்டை உடைத்துக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று எழுந்து ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, தன் அப்பா எந்தெந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார் என்று கை கால் ஆட்டிக் கதை சொல்ல ஆரம்பித்தார். அவருடைய அகலமான முதுகையும் மீறி, ரோட்டில் வெள்ளையாக ஏதோ போனது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"கல்யாண ஊர்வலமோ?" என்றார் டீச்சர்.

"ஆமா ஆமா, கல்யாணம்தான்" என்றார் தேவராஜ்.

டீச்சர் தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார்.

தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் அந்தத் தோட்டத்தில் கித்தா என்னும் ரப்பர் மரங்களைப் பாதி வெட்டிவிட்டார்கள். பழைய ரப்பர் பால் ஸ்டோருக்கு முன்னால் இருந்த திடலில் வெள்ளைக் கார்கள் வரிசையாக நின்றன. எண்ணினோம், மீதிப் பாதி சரியாக இருந்தது. தகடுகளில் எண்களும் வேறாக இருந்தன. நான் சும்மா ஒரு காரின் பானெட்டில் கை வைத்தேன். தோசைக்கல்லாகச் சுட்டது.

"வெயில்லா" என்றார் தேவராஜ்.

நிழலில் நின்ற காரில் கை வைத்தேன். அதுவும் சுட்டது.

"நீங்க வாரீங்கன்னு எஞ்சின ஸ்டார்ட் பண்ணி வச்சாங்க."

"எல்லாக் காரையுமா?"

"மரியாதைக்குத்தான்."

முன்கண்ணாடியில் அடித்துச் செத்த பூச்சிகளைக் காட்டினேன். இந்தத் தோட்டத்தில் பூச்சி அதிகம் என்றார். நின்ற காரில் தானாகப் பறந்து வந்து மோதிச் சாகும் பூச்சியை என் வேலையில் அதுவரை நான் கண்டதில்லை.

அப்போது டீச்சர் ஒரு காருக்குள் இருந்து, "மிஸ்டர், ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிட்டார். போனேன். சன்வைசரை இறக்கிக் காட்டினார். கண்ணாடியின் மூலையில் சிவப்பாக ஒரு ஒட்டுப்பொட்டு. அடுத்த காருக்குப் போனார். அங்கே பச்சைப் பொட்டு. காலையில் கமுந்திங்கில் எண்ணிய அதே கார்கள், எண் தகடு மட்டும் மாறியிருந்தது. காலையில் நான் அலங்காரம் என்று எரிந்து விழுந்த வேலை அதுதான்.

"முதல்லேயே சொல்லியிருக்கலாமே?" என்று கிசுகிசுத்தேன்.

"உங்கட முகத்தில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். அதான் சொல்லேல்லை."

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிதானித்துக் கேட்க வேண்டும். எனக்கு வந்த முதல் ஆத்திரத்தில், தேவராஜின் சட்டையைப் பிடித்து அந்தப் பொட்டைக் காட்டி நாலு கேள்வி கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோலாலம்பூரில் கமிட்டி உட்காரும். கம்பெனி வக்கீல் வருவார். 'ஒரு பெண்மணியின் பொட்டை வைத்து எங்கள் மேல் பழி போடுகிறார்கள்' என்பார். அறையே சிரிக்கும். அதன்பின் யாரும் கார்களைப் பற்றிப் பேச மாட்டார்கள், பொட்டைப் பற்றித்தான் பேசுவார்கள்.

எனக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. என் மனைவியின் தம்பி குமரேசன், தோட்டத்து ரப்பர் பால் லோரி ஓட்டி வளர்ந்தவன், அந்த ஸ்போர்ட் மாடலில் ஒன்றை ஏற்கெனவே வாங்கி ராலிக்குப் பெயரும் கொடுத்துவிட்டான். இந்த ஒப்புதல் கிடைக்காவிட்டால் அவன் கடைக் கார் பிரிவில் ஓட முடியாது. எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற திறந்த பிரிவில், புலிகளோடு போய் மோத வேண்டும்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். பிறகு தேவராஜிடம் போய், என்னால் முடிந்த அளவு பணிவோடு சொன்னேன்.

"அருமையா இருக்கு சார். ஒரே ஒரு சின்ன வேலை. கமுந்திங் கார்களையும் இங்க கொண்டாந்து சேர்த்து நிறுத்துங்க. எல்லாத்தையும் ஒண்ணா ஒரு படம் எடுத்துக்கறோம்."

தேவராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பவா? டிரைவருங்க இல்லையே."

"எங்க கிளப்புல எல்லாருமே டிரைவர்தான். ஒரு போன் போட்டா ஓடி வருவாங்க."

"கமுந்திங்ல மழையாம்."

"கார் கரைஞ்சிடாது சார்."

"மிஸ்டர் தேவராஜ், எங்களுக்கு அவசரமில்லை" என்று டீச்சர் ஒரு நாற்காலியை நிழலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு கட்டுப் பரீட்சைத்தாளை எடுத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, திருத்த ஆரம்பித்தார்.

தேவராஜ் ஸ்டோருக்குள் போய் டெலிபோனில் பேசிவிட்டு வந்தார். மறுபடி போனார். மறுபடி வந்தார். ஸ்டோருக்குப் பின்னால் மரத்தடியில் ஒரு கூட்டம் நீல யூனிபாரத்தில் முகம் தொங்கி உட்கார்ந்திருந்தது. தேவராஜ் எங்களுக்கு அறிமுகமே செய்யாத கூட்டம். அதில் ஒருவன், வாட்டசாட்டமான ஆள், எழுந்து நேராகத் தேவராஜிடம் வந்தான்.

"பாஸ், மறுபடியும் ஓட்டணுமா? காலையிலேர்ந்து பசங்க ஒண்ணும் சாப்பிடலலா. நீங்க மட்டும் கோலகங்சார்ல நண்டு தின்னீங்க, நாங்க பார்த்துக்கிட்டேதானே போனோம்!"

டீச்சர் பேனாவை மூடினார். தேவராஜ் என் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணே, உங்ககிட்ட மறைக்க விரும்பல. சாமான் கப்பல்ல வருது. மீதிக் கார் எப்படியும் செஞ்சிருவோம். இன்னிக்குச் செஞ்சா என்ன, அடுத்த வருஷம் செஞ்சா என்ன? உங்க மச்சான்கூட நம்ம கார்தானே வாங்கியிருக்கார். அவர் முகத்தை நினைச்சுப் பாருங்க."

அவன் முகத்தைவிட அவன் அக்காவின் முகத்தை நினைத்துத்தான் நான் பயந்தேன். ஆனால் மச்சான் பெயரை அவர் எடுத்ததும் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. சொந்தக்காரனை இழுத்துக் கேட்கும் நிலைக்கு ஒரு ஆள் வந்துவிட்டால், அவரிடம் வேறு எதுவும் மிச்சமில்லை என்று பொருள்.

"சார், நான் உங்களை ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்றேன். "முதல்ல அந்தப் பசங்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுங்க."

அறிக்கையை அங்கேயே, காரின் பானெட்டில் வைத்து எழுதினோம். காலையில் கமுந்திங்கில் பாதி பார்த்தோம். பிற்பகல் தஞ்சோங் ரம்புத்தானில் பாதி பார்த்தோம். இரண்டையும் ஒரே இடத்தில் காட்டும்படி கேட்டோம், காட்டப்படவில்லை. அவ்வளவுதான். ஏமாற்று என்ற சொல் கிடையாது, பொட்டு கிடையாது, நண்டு கிடையாது. தேவராஜ் இரண்டு முறை படித்தார். மறுத்துப் பேச அதில் ஒரு சொல்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. நீங்களும் அப்படித்தான் எழுத வேண்டும். கண் கண்டதை எழுதுங்கள். மனம் நினைத்ததை வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள்.

வீட்டில் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"ஊர்ல எத்தனையோ பேர் எத்தனையோ கண்ணை மூடுறாங்க. என் தம்பிக்குன்னா மட்டும் உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது!" என்றாள் என் மனைவி லட்சுமி. சோற்றுத் தட்டு மேசையில் வைக்கப்பட்ட சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டது. குமரேசன் வந்தான், விஷயத்தைக் கேட்டான், வாசலிலேயே நின்று, "நல்லது மச்சான், ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். ராலி வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. திறந்த பிரிவு என்றால் எதையும் மாற்றலாம் அல்லவா? மூடிப்போன தோட்டம் ஒன்றிலிருந்து, ரப்பர் பால் உறைய வைக்கும் அலுமினியத் தொட்டி ஒன்றை எடுத்து வந்து, வெட்டித் தட்டி, எஞ்சினுக்கு அடியில் கேடயம் மாதிரி பொருத்தினான். பார்க்கச் சகிக்காது. யாராவது சிரித்தால், "சிரிங்கலா, நாளைக்குக் கல்லு சிரிக்கும்" என்பான். அடக்கம் என்பது அவன் பிறந்த வீட்டுப் பக்கமே வந்ததில்லை, அக்காவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ராலி நாளன்று சித்தியவான் பக்கத்துத் தோட்டங்களில் மழை பிடித்துக்கொண்டது. கம்பெனியும் தன் சொந்தக் காரைத் திறந்த பிரிவில்தான் ஓட்ட வேண்டியிருந்தது. ஒப்புதல் இல்லையே! ஓட்டுவதற்குக் கோலாலம்பூரிலிருந்து பெரிய ஆளைக் கொண்டுவந்திருந்தார்கள். மதியம் வரை அவர்தான் முன்னால். பிறகு ஒரு தாழ்வான பாதையில் செம்மண்ணை மழை அரித்து, அடியிலிருந்த கற்கள் மேலே வந்துவிட்டன. கம்பெனிக் காரின் எண்ணெய்த் தொட்டி ஒரு கல்லில் கிழிந்து, கறுப்பாக ஒரு கோடு போட்டுக்கொண்டே போய் நின்றது. குமரேசன் அதே கல்லின்மேல் கோயில் மணி அடித்த மாதிரி 'டங்' என்று ஒரு சத்தத்தோடு போய்க்கொண்டே இருந்தான். மொத்தத்தில் அவன் ஜெயிக்கவில்லை. புலிகள் புலிகள்தான். ஆனால் ஸ்போர்ட் மாடல் ஓட்டிய எல்லாரிலும் முதலாவதாக வந்தான்.

சேற்றோடு அவன் காரை விட்டு இறங்குவதற்குள் தேவராஜ் கொட்டகைக்கு வந்துவிட்டார், கையில் எழுத்து மூலமான ஆட்சேபத்தோடு. குமரேசனின் கார் கம்பெனி செய்தபடி இல்லை, அடியில் ஏதோ இருக்கிறது, அவனைப் போட்டியிலிருந்து நீக்க வேண்டும். அன்றைக்குக் கொட்டகைக்குத் தலைமைப் பரிசோதகர் நான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மனதுக்குள் ஒரு நல்ல பதில் தயாராகவே இருந்தது. ஆனாலும் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். "ஓட்டினவர் என் மச்சான். டீச்சர் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு மழையில் போய் நின்றேன். சொந்தக்காரன் விஷயத்தில் உங்கள் பதில் சரியானதாகவே இருந்தாலும், உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

டீச்சர் ஆட்சேபத்தை முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸ்டர் தேவராஜ், கார் கம்பெனி செய்தபடி இல்லையெண்டு சொல்லுறியள். சரி. நான் எந்தத் தாளோட ஒப்பிட்டுப் பாக்கிறது?"

"ஒப்புதல் தாளோடதான்."

"இந்தக் காருக்கு அப்பிடி ஒரு தாள் இருக்கோ?"

முதலில் சிரித்தவன் அந்த நீல யூனிபாரக்காரன், நண்டுக்காரன். கம்பெனிக் காருக்கு உதவியாளாக வந்திருந்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் தேவராஜும் சிரித்துவிட்டார், அதை அவருக்காகச் சொல்லியே ஆக வேண்டும். ஆட்சேபத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேட்டைக்காரன் மாதிரி குமரேசனின் காரைச் சுற்றி வந்து, முழங்காலிட்டுக் குனிந்து அடியில் பார்த்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. இது என்ன சாமான்?"

குமரேசன் சொன்னான். எப்படி வெட்டினான், எந்தக் கோணத்தில் மடித்தான், எல்லாவற்றையும். பெருமையை அடக்கத் தெரியாதவனிடம் ரகசியம் எப்படித் தங்கும்? இரண்டு பேரும் சேற்றில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்ததை நான் மழையில் நின்று பார்த்தேன். என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த வருடம் கம்பெனி உண்மையாகவே எல்லாக் கார்களையும் செய்து முடித்து, ஒரே திடலில் நிறுத்தி எங்களை அழைத்தது. எண்ணினோம், சரியாக இருந்தது. குனிந்து பார்த்தோம். ஒவ்வொரு காரின் அடியிலும், அச்சு அசலாகக் குமரேசன் தட்டிய வடிவத்தில், கம்பெனி முத்திரை குத்திய அலுமினியத் தகடு. பந்தயத்தில் அந்தத் தகடு வேண்டுமென்றால் அது ஒப்புதல் தாளில் இருக்க வேண்டும். தாளில் ஏற வேண்டுமென்றால் ஊரில் விற்கும் ஒவ்வொரு காரிலும் இருந்தாக வேண்டும். விதி அப்படி. அதனால் ராலி என்றால் என்னவென்றே தெரியாத ஈப்போ குமாஸ்தாக்களும் தாதிமார்களும் மாமியார்களும், கல்லே இல்லாத தார் ரோட்டில், பால் தொட்டிக் கேடயத்தைச் சுமந்துகொண்டு பல வருடம் ஓட்டினார்கள். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி மாட்ட வேண்டிய வொர்க்‌ஷாப்காரர்கள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொதுவாகத் திட்டினார்கள்.

நானும் ஒன்று வாங்கினேன். வாங்க வைக்கப்பட்டேன் என்பதுதான் சரி. ஓட்டுவது லட்சுமி. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும் வழியில் ஒரு வேகத்தடை இருக்கிறது. எல்லாரும் அங்கே வேகத்தைக் குறைப்பார்கள். அவள் மட்டும் அழுத்திப் பிடிப்பாள். அடியில் 'டங்' என்று கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற யாராக இருந்தாலும் திரும்பிப் பார்த்து, "கேட்டுச்சா? என் தம்பி" என்பாள்.